எல்லைக் கோட்டில் ஐந்து செடிகள்

ஆகஸ்ட் 24

நிகிலா பெங்களூரிலிருந்து கூரியரில் ஒரு விதைப் பொட்டலம் அனுப்பியிருக்கிறாள். மேலே ஒரு படம். பச்சைக் கல்லில் செதுக்கிய ஏதோ அலங்காரப் பொருள் என்றுதான் முதலில் நினைத்தேன். காலிஃபிளவராம். ரோமனெஸ்கோ என்று பெயராம். ஒரு பூவுக்குள் நூறு கூம்பு. ஒவ்வொரு கூம்பும் அதைவிடச் சின்னக் கூம்புகளால் ஆனது. எல்லாம் ஒழுங்காகச் சுற்றிக்கொண்டு மேலே போகின்றன.

"நிஜமாவே இப்படி இருக்குமா, இல்ல கம்ப்யூட்டர்ல வரைஞ்சதா?" என்று ஃபோனில் கேட்டேன்.

"வளர்த்துப் பாரும்மா, தெரியும்" என்றாள். பிள்ளையைப் படிக்க வைத்தால் இப்படித்தான் பதில் வரும்.

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் ஜனவரியில் கொடுத்தது. எட்டு மாதமாக அரிசி டின்னின் மேல் சும்மா கிடந்தது. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் இருபது வருடமாக ஊராருக்குக் காலை ஒன்று, இரவு ஒன்று என்று எழுதியே கை பழகிவிட்டது. எனக்கென்று எழுதியதில்லை. செடிக்காகவாவது எழுதுவோம்.

பன்னிரண்டு விதை, பன்னிரண்டு காகிதக் கப். ஒவ்வொன்றிலும் எண்ணும் தேதியும் எழுதி ஒட்டினேன். வைத்த இடம் கோத்தகிரி, எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னல். வீடு என்று சொன்னால் பாதி வீடு. மே மாதம் வரை ஒரே வீடு, இப்போது இரண்டு. வலது பாதி இவருடைய அண்ணனுக்கும் அவர் மனைவி சௌந்தரக்காவுக்கும். பின்பக்கத் தோட்டத்தின் நடுவே, பொங்கல் முடிந்ததும் மதில் எழுப்பப் போகிறார்கள். அளந்து குச்சி அடித்தாயிற்று. அக்காவும் நானும் இருபத்திரண்டு வருடம் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். பிரிந்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஆகஸ்ட் 29

ஒன்பது முளைத்துவிட்டன. 3, 7, 12 வரவில்லை. வந்தவற்றின் முதல் இலை இதய வடிவம். இதில் என்ன அதிசயம், எல்லாக் கோசும் அப்படித்தான் என்கிறார் இவர். இவருக்கு எதுவுமே அதிசயம் இல்லை.

செப்டம்பர் 7

கப்புகளை வெயிலுக்கு வெளியே எடுத்து வைத்தேன். அக்கா தன் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஒரே ஒரு முறை பார்த்தார். எண்ணும் தேதியும் ஒட்டியிருப்பதைக் கண்டு அவர் உதட்டோரம் லேசாக அசைந்தது போல இருந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

அக்கா பிறந்தது கேத்திப் பள்ளத்தாக்கில். அவர் அப்பா கேரட்டும் கோசும் காலிஃபிளவரும் போட்டு ஐந்து பிள்ளைகளை ஆளாக்கியவர். காலிஃபிளவரின் காம்பைப் பார்த்தே எத்தனை நாள் பூ என்று சொல்லிவிடுவார் அக்கா. சந்தையில் அவரை ஏமாற்றுகிற வியாபாரி இன்னும் பிறக்கவில்லை. நான் கோவையில் மருந்து வாசனையில் வளர்ந்தவள். கேட்டால் ஆயிரம் சொல்லித் தருவார். ஆனால் நாங்கள்தான் பேசுவதில்லையே.

செப்டம்பர் 28

நத்தை நாலு செடிகளைத் தின்றுவிட்டது. மிச்சம் 1, 4, 5, 9, 11. இன்று நிலத்தில் நட்டேன்.

எங்கள் தோட்டத்தில் நாள் முழுக்க வெயில் விழுவது ஒரே ஒரு துண்டு நிலத்தில்தான். மற்ற இடமெல்லாம் கீழே இருக்கும் டீத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களின் நிழல். அந்தத் துண்டு சரியாக எல்லைக் குச்சிகளின் வரிசையில் இருக்கிறது.

"அங்க போய் நடுறியே, மதில் வருதுல்ல?" என்றார் இவர்.

"பொங்கலுக்கு முன்னாடி பூ வந்துரும். அப்புறம் உங்க மதிலை நல்லாக் கட்டிக்கங்க."

"என் மதிலா?" என்றார். நான் அடுத்த குழியைத் தோண்டினேன்.

அக்டோபர் 11

மழை. மழை. மழை.

அக்டோபர் 19

மழை விட்டதும் ஓடிப்போய்ப் பார்த்தேன். ஐந்தும் ஜம்மென்று நிற்கின்றன. ஆஸ்பத்திரியில் நர்ஸ் லில்லி வீட்டுக் கோசு முழுக்கப் பச்சைப்புழு அரித்து வலைத்துணி மாதிரி ஆகிவிட்டதாம். என் செடியில் ஒரு ஓட்டை கிடையாது. இலைக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். கைராசி என்று சொல்வார்களே, அது இதுதான்.

தண்டைச் சுற்றி மண்ணில் சாம்பல் படிந்திருந்தது. அக்கா சருகு எரித்தது காற்றில் பறந்து வந்திருக்க வேண்டும். ஐந்து செடியைச் சுற்றியும் வட்டமாக, ஒரு விரல் அகலத்துக்கு விழுந்திருக்கிறது. காற்றுக்கும் சில நேரம் நல்ல புத்தி இருக்கிறது.

நவம்பர் 9

இன்று விடுமுறை. காலை பதினொன்றரை இருக்கும். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே பார்த்தால், தோட்டத்தில் காட்டெருமை. கீழே டீத் தோட்டத்திலிருந்து ஏறி வந்திருக்கிறது. இந்த ஊரில் அது புதிதில்லை, ஆனால் என் செடிக்கு ஒரு முழம் தள்ளி நிற்பது புதிது. 5-ஆம் எண்ணின் ஒரு இலையை இழுத்து, ருசி பார்க்கிறவர்போல நிதானமாக மென்றது.

அக்கா கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் ஒரு டின் மூடி. நானாக இருந்தால் தட்டி ஊரைக் கூட்டியிருப்பேன். அவர் விரலால் மெல்ல டொக் டொக் என்று தட்டிக்கொண்டே, பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"போதும் சாமி. ஒரு இலை தின்னாச்சுல்ல. அந்தப் பக்கம் புல்லு நிறையக் கெடக்கு. வந்த வழியே போங்க. இது ஆசையா வச்ச செடி."

அவ்வளவு பெரிய உடம்பு, வீட்டுக்கு வந்த சம்பந்தி விடைபெறுகிற மாதிரி மெதுவாகத் திரும்பிச் சரிவில் இறங்கிப் போய்விட்டது. மிரட்டினால் முட்டும், பக்குவமாகச் சொன்னால் போய்விடும் என்று அக்கா எப்போதோ சொன்னது உண்மைதான். ஏழு மாதமாக என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எருமையிடம் ஐந்து வாக்கியம்.

அவரிடம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் அவரோடு இருப்பதில் உள்ள கஷ்டம்.

நவம்பர் 23

செடிகள் என் இடுப்பு உயரம். இலை முறம் அகலம். ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் காட்டினேன். "எப்படிங்க மருந்தே அடிக்காம இப்படிக் கொண்டு வந்தீங்க?" என்று லில்லி வாய் பிளந்தாள். "தினமும் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றேன். நான் பார்ப்பது வாரத்துக்கு இரண்டு நாள், வேலை முடிந்து வந்து ஐந்து நிமிடம். ஆனாலும் சொன்னேன்.

டிசம்பர் 14

பூவைக் காணோம். குளிரில் பல் கிட்டுகிறது. இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போகிறது. "கீரையாவாவது கடைஞ்சிரலாம்" என்கிறார் இவர்.

டிசம்பர் 21

வந்துவிட்டது.

9-ஆம் எண்ணின் நடு இலைகளை விலக்கினால், உள்ளே ஒரு கொட்டைப்பாக்கு அளவில் இளம்பச்சைப் பூ. படத்தில் இருந்தது பொய்யே இல்லை. குனிந்து பார்த்தேன், முட்டி போட்டுப் பார்த்தேன், மாத்திரைச் சீட்டில் பொடி எழுத்து படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டும் பார்த்தேன். கூம்பின் மேல் கூம்பு. சின்னது எப்படி இருக்கிறதோ அப்படியே பெரியது. ஒன்றும் இடம் மாறவில்லை, நெருக்கியடிக்கவில்லை, ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. கோலம் போடும்போது ஒரு புள்ளி தப்பினால் நான் முழுவதையும் அழிப்பேன். இங்கே ஆயிரம் புள்ளி, ஒன்றுகூடத் தப்பவில்லை. யாரும் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவில்லை. குளிரும் வெயிலும் சாம்பலும் போதுமாக இருந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு காய்கறிக்காக அழுதேன் என்று இந்த டைரியில் மட்டும் எழுதி வைக்கிறேன்.

யாரிடமாவது உடனே காட்ட வேண்டும் போல இருந்தது. இவரைக் கூப்பிட்டேன். "நல்லாருக்கு" என்றார். இதை யார் பார்த்தால் சரியாகப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதவு சாத்தியிருந்தது.

டிசம்பர் 31

மேஸ்திரி சின்னராசு வந்து குச்சிகளுக்கு நடுவே நூல் பிடித்துப் பார்த்தார். நூல் 4-க்கும் 9-க்கும் மேலே சரியாகப் போகிறது. ஜனவரி இருபது வேலை ஆரம்பம். அண்ணனும் தம்பியும் நூலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நின்று, இரண்டு பேரும் மேஸ்திரியிடமே பேசினார்கள்.

மதில் எழும்பிவிட்டால் அக்கா துணி காயப்போடுவதுகூட எனக்குத் தெரியாது. அது பரவாயில்லை என்று நாலு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

ஜனவரி 4

புது டைரி. முதல் பக்கமே கோபம்.

இரண்டு நாள் பகல் முழுக்க ஆஸ்பத்திரியில் தடுப்பூசி முகாம். இன்று மாலை வந்து பார்த்தால் ஐந்து செடியிலும் இலைகளை மேலே கூட்டி, பழைய சேலைக் கரையால் குடுமி மாதிரி முடிந்திருந்தது. அவிழ்த்தேன். முஷ்டி அளவு வளர்ந்திருந்த பச்சைப் பூ வெளிறி, நோயாளி நகம் மாதிரி மஞ்சளாகிக் கிடந்தது.

நேராக அக்கா வீட்டு வாசலுக்குப் போனேன். ஏப்ரலுக்குப் பிறகு அந்தப் படியில் கால் வைப்பது இன்றுதான்.

"என் செடியில யாரு கை வச்சது?"

அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைத்தார். "நான்தான் கட்டினேன். வெயில் பட்டாப் பூ நிறம் கெட்டுரும் தமயந்தி. பொத்தி வச்சாத்தான் வெள்ளையா நிக்கும். நீ ரெண்டு நாளா வரலை, பூ விரியற நேரம். அதான்."

"இது வெள்ளைப் பூ இல்லைங்க்கா. பச்சையா இருக்கிறதுதான் இதோட நிறம். இதுக்கு வெயில் வேணும். பொட்டலத்துலயே போட்டிருக்கு."

அக்கா என் கையில் இருந்த சேலைக் கரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியலை" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு காயைப் பற்றி அக்கா அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. "தெரியலைன்னா கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். ஜெயித்த மாதிரி இருந்தது. வீட்டுக்குள் வரும்வரை இருந்தது.

ஜனவரி 5

காலையில் சேலைக் கரைகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அக்கா சந்தைக்குப் போயிருந்தார். கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில் வைக்கலாம் என்று குனிந்தேன். அங்கே ஒரு டின்னில் சலித்த சாம்பல். பக்கத்தில் ஒரு சல்லடை. ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீர், அதில் பச்சைப்புழுக்கள். நேற்றையது, முந்தாநாளையது, அதற்கும் முந்தையது என்று அடியில் படிந்து கிடந்தன.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

காற்றில் பறந்து வந்த சாம்பலாம். கைராசியாம். தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று லில்லிக்கு நான் சொன்ன வைத்தியத்தை, நான் வேலைக்குப் போன பிறகு எல்லைக் குச்சிகளைத் தாண்டி வந்து செய்துகொண்டிருந்தவர் அக்கா. மூன்று மாதம். ஒரு வார்த்தை சொல்லாமல்.

சரி, எழுதிவிடுகிறேன். ஏப்ரலில் எங்கள் டாக்டர் எஸ்தர் மேடம் ஈரோட்டுக்கு மாற்றலாகிப் போனார். என் வீட்டில் விருந்து. பதினெட்டுப் பேர். அன்றைக்கு எல்லாரும் தேடித் தேடி வாங்கிச் சாப்பிட்டது மொச்சைக் குழம்பு. அது அக்கா இரண்டு நாள் மெனக்கெட்டு வைத்தது. "தமயந்தி, இது எப்படிச் செஞ்சீங்க?" என்று டாக்டர் கேட்டார். அக்கா செஞ்சது என்று சொல்ல இரண்டு சொல் போதும். நான் பக்குவம் சொல்ல ஆரம்பித்தேன். இவ்வளவு புளி, இவ்வளவு சோம்பு, வறுத்து அரைக்கணும் என்று கைகளை ஆட்டி ஆட்டி. திரும்பினால் கதவருகே அக்கா, கையில் இரண்டாவது சட்டியோடு. சட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவர் பக்கம் தனி அடுப்பு எரிந்தது. ஏன் என்று இவர் கேட்டார், இவருடைய அண்ணனும் கேட்டார். நான் சொல்லவில்லை. அக்காவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. காரணம் தெரியாமலே ஆண்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு மதில் வரைக்கும் கொண்டுவந்துவிட்டார்கள்.

காரணம் ஒன்றும் கிடையாது என்று இதே கையால்தான் எழுதினேன்.

ஜனவரி 6

மன்னிப்புக் கேட்கப் படி வரை போனேன். உப்பு இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வந்தேன். கொடுத்தார்.

ஜனவரி 10

பச்சை திரும்புகிறது. வெயிலில் நாலு நாள் நின்றதும் கூம்பின் நுனிகளில் முதலில் நிறம் ஏறியது. இதற்கு மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது போலிருக்கிறது.

செடியைப் பார்த்துக்கொண்டே ஈரோட்டுக்கு ஃபோன் போட்டேன். யோசித்தால் போட மாட்டேன் என்று தெரியும்.

"மேடம், ஏப்ரல்ல எங்க வீட்ல சாப்பிட்டீங்களே மொச்சைக் குழம்பு, அது நான் வச்சதில்லை. எங்க ஓரகத்தி, சௌந்தரக்கா வச்சது. நான் வச்ச மாதிரி சொல்லிட்டேன்."

 டாக்டர் சிரிக்க ஆரம்பித்தார். "அதானா! மூணு தடவை நீங்க சொன்னபடியே வச்சேன் தமயந்தி. ஒரு தடவைகூட அந்த ருசி வரலை. என் கைதான் சரியில்லைன்னு விட்டுட்டேன். அவங்க பக்கத்துல இருக்காங்களா?"

ஃபோனை எடுத்துக்கொண்டு போனேன். "அக்கா, எஸ்தர் டாக்டர். மொச்சைக் குழம்பு உங்களுதுன்னு சொல்லிட்டேன். சரியான பக்குவம் கேக்கறாங்க." ஒரே மூச்சில் சொல்லிவிட்டு நீட்டினேன்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இருபது நிமிடம் பேசினார். நான் தூணோரம் நின்றேன். ஃபோனைத் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்த்தார்.

"மொச்சையை முளை கட்டணும்னு நீ சொல்லவே இல்லையாமே. பாவம், அந்தம்மா."

"எனக்குத் தெரியாதுங்க்கா."

"கூடவே நின்னுட்டு, என்னத்தைப் பார்த்தே நீ?"

உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை.

ஜனவரி 12

முதல் பூவை வெட்டினேன், 1-ஆம் எண். தேங்காய் அளவு. மஞ்சள் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்தேன். ஒரு புழுகூட மிதக்கவில்லை. காரணம் இப்போது தெரியும். குக்கரில் வைத்து இரண்டு விசில் விட்டேன். திறந்தால் உள்ளே பச்சைக் களி. ஆயிரம் கூம்பில் ஒன்றுகூட இல்லை. நாலரை மாத உழைப்பு, ஆறு நிமிடத்தில் போச்சு.

வெளியே எல்லைக் குச்சிகளுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல். "ரெண்டு விசில் கேட்டுச்சு. அதையா குக்கர்ல வச்சே?"

"ஆமாங்க்கா."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஜனவரி 15

பொங்கல். 5, 11 இரண்டையும் வெட்டினேன். அக்கா சொன்னபடி இட்லிப் பானையில் துணி விரித்து, பூவை முழுசாக உட்கார வைத்து, ஆவியில் எட்டே நிமிடம். காம்பில் ஈர்க்குச்சி இறங்கினால் போதும். தனியே தேங்காய் எண்ணெயில் கடுகு, தட்டிய பூண்டு, ஒன்றிரண்டாகப் பொடித்த மிளகு தாளித்து, கல் உப்போடு மேலே ஊற்றினேன். எண்ணெய் கூம்புகளின் சந்து வழியே சுற்றிச் சுற்றி இறங்கியது. வடிவம் அப்படியே இருந்தது, நிறம் இன்னும் கூடியிருந்தது. காலிஃபிளவரின் வாடையே இல்லை. லேசான இனிப்பு, மெல்லும்போது பச்சை வேர்க்கடலை மாதிரி ஒரு ருசி.

ஒரு பூவை அப்படியே தட்டில் வைத்து அக்காவிடம் எடுத்துப் போனேன். உடைக்க மனமில்லாமல் தட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். நான் டிசம்பரில் முட்டி போட்டுப் பார்த்த அதே பார்வை.

"எங்கப்பா பார்த்திருக்கணும்" என்றார். பிறகு ஒரு கூம்பைக் கிள்ளி வாயில் போட்டார். "மிளகு ஜாஸ்தி. ஆனா நல்லாப் பண்ணியிருக்கே."

"அக்கா, செஞ்சது தப்புங்க்கா. அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றார். இல்லை பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் நம்பினேன்.

ஆனால் மதிலைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செங்கல் வந்து இறங்கிவிட்டது.

ஜனவரி 20

காலை எட்டு மணிக்கு மேஸ்திரி இரண்டு ஆட்களோடும் கடப்பாரையோடும் வந்துவிட்டார். நூல் பிடித்தார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் டீ டம்ளரோடு நின்றார்கள். மிச்சம் இருந்தது 4-உம் 9-உம். இருப்பதிலேயே பெரிய பூக்கள், அழகான பூக்கள். மண் தோண்டுவதற்கு முன் வெட்டிவிடலாம் என்று கத்தியோடு போனேன். 9-இன் காம்பில் கத்தியை வைத்தேன்.

"வெட்டாதே."

அக்கா நூலைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்தார். "நல்ல பூவை யாராச்சும் திம்பாங்களா? இதை விதைக்கு விடணும்."

"மதில் இருக்கேக்கா." "அப்ப ஒண்ணை விட்டுட்டு ஒண்ணை வெட்டிக்கட்டுமா?"

"ஒத்தையா நின்னா விதை பிடிக்காது. ரெண்டும் நிக்கணும். தேனீ இதுல உக்காந்து அதுக்குப் போகணும்." மேஸ்திரி பக்கம் திரும்பினார். "அண்ணா, இங்க கடப்பாரை வைக்காதீங்க. இது விதைக்கு விட்டது. வேர் அசையக் கூடாது."

மேஸ்திரி இரண்டு ஆண்களையும் பார்த்தார். அவர்கள் இருவரும் டம்ளரைப் பார்த்தார்கள்.

"எப்பங்க விதை முத்தும்?"

"ஜூன் ஆகும்."

"ஜூன்ல மழை பிடிச்சுக்குமேங்க."

"அப்ப மழை விட்டு வாங்க."

"மழை விட்டா," என்றேன் நான், "அந்த விதையைத் திரும்ப நடணுமே அக்கா."

அக்கா என்னைப் பார்த்தார். "ஆமா" என்றார். "இந்தத் தோட்டத்துல வெயில் வேற எங்க விழுது? இங்கதான் நடணும்."

இவருடைய அண்ணன் லேசாக இருமினார். "இவளுக ரெண்டு பேரும் என்னடா சொல்றாளுக?" என்று தம்பியைப் பார்த்துக் கேட்டார். மே மாதத்துக்குப் பிறகு அவர் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் அது.

"மதில் வேண்டாங்கிறாங்கண்ணே" என்றார் இவர்.

மேஸ்திரி குச்சியிலிருந்து நூலை அவிழ்த்து, விரலில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.